கண்ணடிக்கும் கெளுத்தியும் நூத்திப் பதினேழு வருஷமும்

தொட்டியில மீன் வளர்க்கிற யாரு வீட்டுக்குப் போனாலும் அடியில ஒரு ஆளு இருப்பாரு. ரெண்டு இஞ்சு, மூணு இஞ்சு நீளம். வாயைச் சுத்தி குட்டி குட்டியா மீசை. மேல நீந்துற கப்பியும் டெட்ராவும் பளபளன்னு சீன் போட்டுக்கிட்டிருக்க, இவரு மணல்ல மூக்கை விட்டுத் துழாவிக்கிட்டு, யாரு வம்புக்கும் போகாம, தன் வேலையைப் பாத்துக்கிட்டிருப்பாரு. கோரிடோராஸ்னு பேரு. சொந்த ஊரு தென் அமெரிக்கா. நம்ம ஊரு கெளுத்திக்கு ரொம்ப தூரத்து சொந்தம். கடையில 'கோரி'ன்னு செல்லமா சொல்லுவாங்க. அதைவிட அதிகமாச் சொல்ற பேரு 'க்ளீனர்'.

அந்த ரெண்டாவது பேரோட எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு.

2006-ல முதல் தொட்டி வாங்கினேன். ரெண்டடித் தொட்டி, அடியில நீலமும் பச்சையுமா உடைச்ச கண்ணாடி மாதிரி கூர்கூரா கல்லு. அப்ப அதுதான் எனக்கு அழகாத் தெரிஞ்சுது. கடைக்காரர் ரெண்டு கோரியைப் பையில போட்டுக் கொடுத்து, "இது கழிவெல்லாம் தின்னுக்கும் சார், தனியா தீனி போட வேணாம்"னாரு. நானும் போடல. மேல போட்ட தீனியைத் தங்கமீன் ஒரு துணுக்கு விடாம முழுங்கிடும். ஒரு மாசத்துல கோரிகளோட மீசை தேஞ்சு மொட்டையாச்சு. வயிறு உள்ள போச்சு. ஒண்ணு செத்தப்ப, 'சரி, வயசாயிருக்கும்'னு நினைச்சேன். ரெண்டாவதும் போனப்பதான், இந்த மீனைப் பத்தி நமக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு உறைச்சுது. அதுக்கப்புறம் படிக்க ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு. படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது. எனக்கு மட்டும் இல்லீங்க, உலகத்துல பாதிப் பேருக்கு இந்த மீனைப் பத்தித் தெரியாது. காரணம் அந்தப் பேருதான். துடைப்பத்தை யாராவது உக்காந்து உத்துப் பாப்பாங்களா?

சரி, கதைக்கு வருவோம்.

1803-ல பிரான்ஸ் நாட்டு லாசெபேத் தன்னோட பெரிய மீன் நூல்ல இந்தக் குடும்பத்துக்கு கோரிடோராஸ்னு பேரு வச்சாரு. கிரேக்கத்துல 'கோரிஸ்'னா தலைக்கவசம், 'டோரா'ன்னா தோல். செதில் கிடையாது. ரெண்டு பக்கமும் ரெண்டு வரிசை எலும்புத் தகடு, ஓடு வேய்ஞ்ச மாதிரி. கெட்டியான தலை. பேரு பொருத்தமாத்தான் இருக்கு. ஆனா பேரு வச்சவர் கையில இருந்தது ஜாடியில செத்துக்கிடந்த மீனு. அது உயிரோட என்ன பண்ணும்னு கேக்குற யோசனையே அப்ப யாருக்கும் கிடையாது.

அடுத்து வர்றவரு நமக்கெல்லாம் தெரிஞ்சவரு, டார்வின். 1831-லேர்ந்து 1836 வரைக்கும் பீகிள் கப்பல்ல சுத்தினாரே, அப்ப தென் அமெரிக்காவுல பிடிச்ச மீனையெல்லாம் சாராயத்துல ஊறப்போட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினாரு. அதைப் பிரிச்சு ஆராய்ச்சி பண்ணிப் பேரு வச்சவரு லெனார்ட் ஜெனின்ஸ்ங்கற பாதிரியார். இவரைப் பத்தி ஒரு சுவாரசியம் உண்டு. பீகிள் கப்பல்ல போகச்சொல்லி முதல்ல இவரைத்தான் கேட்டாங்க. 'என் சர்ச்சை விட்டுட்டு எப்படிங்க வர்றது'ன்னு இவரு மறுத்துட்டாரு. அந்த இடத்துலதான் இளைஞர் டார்வின் ஏறினாரு. ஊர் சுத்துற வாய்ப்பை விட்டவருக்கு, ஊர் சுத்தினவரு கொண்டுவந்த மீனை எண்ணுற வேலை. பாவம் :-)

அந்த மீன்கள்ல ஒண்ணுக்கு 1842-ல ஜெனின்ஸ் வச்ச பேரு பேலியேட்டஸ். லத்தீன்ல 'உமி கலந்த'ன்னு பொருள். பழுப்பு உடம்புல கருப்புக் கருப்பாத் திட்டு. இன்னிக்கு 'பெப்பர் கோரி'ன்னு, அதாவது மிளகுத்தூள் தூவின கோரின்னு கடையில கிடைக்குதே, அதே மீனுதான். நாம பொழுதுபோக்கா வளர்க்கிற மீனுக்கு டார்வின் கை பட்ட பரம்பரை இருக்குன்னு நினைச்சா கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு.

இதுவரைக்கும் எல்லாம் ஜாடிதான். தொட்டி எப்ப வந்துச்சு? 1850-ல லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்ங்கற வேதியியல்காரர், கண்ணாடித் தொட்டியில மீனும் செடியும் சேத்து வச்சா ஒண்ணை ஒண்ணு வாழவைக்கும்னு எழுதினாரு. 1853-ல லண்டன் மிருகக்காட்சி சாலையில மீன் வீடு திறந்தாங்க. அடுத்த வருஷம் பிலிப் கோஸ் எழுதின புத்தகம் வந்ததும் இங்கிலாந்து முழுக்கப் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆளாளுக்குத் தொட்டி வாங்கினாங்க. ஆனா உள்ள இருந்ததெல்லாம் உள்ளூர் குளத்து மீனு, தங்கமீன், கடல் பூ. வெப்பநாட்டு மீனைக் கொண்டாந்தா குளிர்ல விறைச்சுப் போயிடும். தண்ணியைச் சூடா வச்சிருக்க அப்ப ஏது தெர்மோஸ்டாட்?

பாரிஸ்ல பியர் கார்போனியேன்னு ஒருத்தர். மீன் வளர்ப்புதான் அவரு உலகம். 1869-ல சீனாவுலேர்ந்து வந்த பாரடைஸ் மீனைக் குஞ்சு பொரிக்க வச்சு ஐரோப்பாவையே அசத்தினவரு. 1878-ல அவரோட தொட்டியில நம்ம மிளகு கோரி முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சுது. வீட்டுத்தொட்டி வரலாறுல கோரியோட கணக்கு அங்கேதான் தொடங்குது.

அவரு கையில சிக்கினது இந்த இனமா இருந்தது வெறும் அதிர்ஷ்டம் இல்லைன்னு எனக்குத் தோணுது. மிளகு கோரி அமேசான் காட்டு மீன் இல்ல. அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் பக்கத்து ஆறுகள்ல வாழ்றது. அங்க குளிர்காலம்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. பதினாறு, பதினெட்டு டிகிரித் தண்ணியில எல்லாம் சாவகாசமாத் திரியும். பாரிஸ் வீட்டு அறை அதுக்கு ஒத்துவந்திருக்கும். இதே காரணத்தாலதான் சென்னையில இந்த மீனை வச்சிருக்கிறது கஷ்டம். மே மாசம் நம்ம தொட்டித் தண்ணி முப்பதைத் தாண்டுறப்ப, இது மேல வந்து மூச்சு வாங்கும், பாக்கவே பாவமா இருக்கும். வெங்கலக் கோரின்னு ஒண்ணு இருக்கு, ஏனியஸ். 1858-ல தியோடர் கில்ங்கற அமெரிக்கர் டிரினிடாட் தீவு மீனை வச்சுப் பேரு கொடுத்தது. நம்ம வெயிலுக்கு அதுதான் தோது. நான் இப்ப வச்சிருக்கிறதும் அதுதான்.

மூச்சு வாங்குறதுன்னு சொன்னேன்ல, அதையும் சொல்லிடறேன், பின்னாடி வேணும். நம்ம ஊரு விராலும் பனையேறியும் மேல வந்து காத்து குடிக்கும்ல? அதுக்குத் தலையில, செவுளுக்கு மேல தனி உறுப்பு உண்டு. கோரிக்கு அது கிடையாது. 'விசுக்'குன்னு மேல போயி ஒரு வாய்க் காத்தை முழுங்கி, குடல் வழியா அனுப்பி, குடலோட பின்பகுதியில ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு, மிச்சத்தைப் பின்னாடி விட்டுடும். சிரிக்காதீங்க. வறண்ட காலத்துல சேத்துக் குட்டையில உயிரோட இருக்கணும்னா இதுதான் வழி. வாயில போறது பின்னாடி வேகமா வெளிய வர்ற குடல். ஞாபகம் வச்சுக்குங்க.

கார்போனியே கண்ட காட்சிக்கு வருவோம். கோரி முட்டை போடுறதைப் பாத்தவங்களுக்குத் தெரியும், மத்த மீனுங்க பெரும்பாலும் இப்படிப் பண்றதில்ல. ஆண்கள் ரெண்டு மூணு பேரு பெண்ணைத் துரத்துவாங்க. அப்புறம் ஒரு ஆண் பக்கவாட்டுல வந்து நிப்பான். பெண் தன் வாயை அவன் வயித்துக்கிட்ட, விந்து வர்ற துவாரத்துல கொண்டுபோயி வைக்கும். மேலேர்ந்து பாத்தா இங்கிலீஷ் 'டி' எழுத்து மாதிரி இருக்கும். அவன் தன் நெஞ்சுத் துடுப்பால அவ மீசையை அமுக்கிப் பிடிச்சுக்குவான். சில நொடி ரெண்டும் ஆடாம அசையாம அப்படியே இருக்கும். அந்த நேரத்துல பெண் தன்னோட வயித்துத் துடுப்பு ரெண்டையும் சேத்துக் கூடை மாதிரி ஆக்கி, அதுல நாலஞ்சு முட்டையை விட்டுக்கும். பிறகு விலகிப் போயி கண்ணாடியையோ இலையையோ வாயால தடவிச் சுத்தம் பண்ணி, முட்டையை அதுல ஒட்டிட்டு வரும். ஒட்டினா பசை போட்ட மாதிரி நிக்கும். இப்படித் திரும்பத் திரும்ப. ஒரு நாள்ல நூறு முட்டையைத் தாண்டுறது சாதாரணம்.

எல்லாம் கண்ணு முன்னாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பட்டப்பகல்ல நடக்குது. ஆனா ஒரு கேள்வி. ஆணோட விந்து முட்டைக்கு எப்படிப் போச்சு? வாய் ஒரு பக்கம், முட்டை இன்னொரு பக்கம்.

இதுக்குத்தான் வளர்ப்பவங்க தலைமுறை தலைமுறையா அடிச்சுக்கிட்டாங்க. பெண் விந்தை வாயில அடக்கி வச்சிருந்து, கண்ணாடியைத் தடவுறப்ப அங்க பூசிட்டு, அது மேல முட்டையை ஒட்டுதுன்னு ஒரு கட்சி. ரொம்ப நாளைக்குப் புத்தகங்கள்ல ஓடினது இதுதான். இல்ல, விந்து தண்ணியில கலந்து உடம்பை ஒட்டியே ஓடிப்போயி முட்டையில படுதுன்னு இன்னொரு கட்சி. முழுங்குதுன்னு யாராவது சொன்னா, 'முழுங்கினா செரிச்சுப் போயிடாதாப்பா'ன்னு மடக்கிடுவாங்க. கேள்வி நியாயம்தானே?

இந்தச் சண்டை நடந்துக்கிட்டிருக்கும்போதே மீனு உலகம் பூராப் பரவிடுச்சு. ஜெர்மனியில மீன் வளர்ப்பு சங்கங்கள் முளைச்சுது. பெர்லின்ல 'ட்ரிட்டன்' சங்கம் 1888-ல ஆரம்பிச்சுது. தொட்டிக்கு அடியில சிலேட்டுப் பலகை, அதுக்குக் கீழ சின்ன விளக்கு எரியவிட்டு வெதுவெதுன்னு வச்சிருந்த காலம் அது. தென் அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல தகர டப்பாவுல மீன் வரும். மாலுமிகள் தண்ணி மாத்திக்கிட்டே வரணும். வர்ற வழியிலேயே நிறைய செத்துப்போகும். கோரிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தேளி மீன் கொட்டுமே, அதோட பங்காளிதானே இதுவும். நெஞ்சுத் துடுப்பு முள்ளுக்கிட்ட இருக்கிற சுரப்பியிலேர்ந்து, பயந்துச்சுன்னா விஷம் விடும். ஆத்துல அது தற்காப்பு. மூடின பையில அதுவே சாவு. தன் விஷத்துல தானே சாகும், கூட இருக்கிறதையும் சாகடிக்கும். இது தெரிஞ்சவங்க கோரியைப் பிடிச்சதும் முதல்ல ஒரு வாளியில விட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுப் புதுத் தண்ணியில மாத்தித்தான் பையில போடுவாங்க. நீங்களும் அப்படிப் பண்ணுங்க.

குஞ்சு வளர்க்கிற விஷயத்துல ஒரு பெரிய திருப்பம் 1933. சான் பிரான்சிஸ்கோவுல ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்துல இருந்த ஆல்வின் சீல், உப்பளத்துல வாழ்ற 'ஆர்ட்டீமியா' இறாலோட குஞ்சு மீன்குஞ்சுக்கு அருமையான தீனின்னு எழுதினாரு. அதோட முட்டையைக் காயவச்சு டப்பாவுல மாசக்கணக்கா வச்சுக்கலாம். உப்புத்தண்ணியில போட்டா ஒண்ணு ஒண்ணரை நாள்ல பொரிஞ்சுடும். அதுக்கு முன்னாடி, குளத்துக்குப் போயி வலை போட்டு நீர்ப்பேன் பிடிச்சு, துணியில சலிச்சு, பொடிசைப் பிரிச்சுப் போடணும். குளம் உறைஞ்சு கிடக்கிற ஊர்ல குளிர்காலத்துல குஞ்சு பொரிச்சா அம்போதான். இன்னிக்கு நம்ம கொளத்தூர்லகூட அந்த டப்பா கிடைக்குது. கோரிக்குஞ்சை வீட்டுல யாரும் வளர்க்கலாம்னு ஆனது இந்த டப்பாவாலதான்னு அடிச்சுச் சொல்லுவேன்.

அந்தக் காலத்துலதான் 'துப்புரவு மீன்'ங்கற பேரும் ஊன்றிப்போச்சு. இங்கிலீஷ் புத்தகம், கடை விலைப்பட்டியல் எல்லாத்துலயும் கோரின்னா கழிவு தின்னி. இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. நியாயமாச் சொல்லணும்னா, அந்தப் பேரு இல்லேன்னா இந்தப் பழுப்பு மீனை யாரு மெனக்கெட்டுக் கப்பல்ல ஏத்தியிருப்பாங்க? நியான் டெட்ரா மாதிரி மினுமினுப்பா, பாரடைஸ் மீன் மாதிரி வண்ணமா? 'உங்க தொட்டியைச் சுத்தம் பண்ணும்'னு சொன்னாத்தான் விக்கும். வீட்டுக்கு வீடு கோரி போனதும் அந்தப் பேராலதான், போன இடத்துல பட்டினி கிடந்ததும் அந்தப் பேராலதான். கழிவை எந்தக் கோரியும் தின்னாது. அது மணலைத் துழாவுறது புழுவுக்கு, பூச்சிக்கு. அதுக்குன்னு அடியில போயி விழுற தீனி போடணும். பெல்லட், ரத்தப்புழு, எதுவா இருந்தாலும் ராத்திரி விளக்கு அணைச்சப்புறம் போட்டா இன்னும் நல்லது.

பேரு வைக்கிற பக்கம் வேலை ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. 1888-ல கார்ல் ஐகன்மன், ரோசா ஐகன்மன்னு கணவன் மனைவி ரெண்டு பேரும் சேந்து ஹஸ்டேட்டஸ்னு ஒரு குட்டிக் கோரிக்குப் பேரு கொடுத்தாங்க. ஒரு இஞ்சு தேறுறதே கஷ்டம், அடியில கிடக்காம நடுத்தண்ணியில கூட்டமா நீந்தும். பெண்களை ஆராய்ச்சிப் பக்கமே விடாத காலத்துல ரோசா மீனியல்ல பேரு எடுத்தவங்க. 1962-ல யோவாகிம் க்னாக்ங்கற ஜெர்மானியர் லைப்சிக் பேராசிரியர் குந்தர் ஸ்டெர்பா பேர்ல 'ஸ்டெர்பை'யைக் கொண்டாந்தாரு. 1971-ல ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்து நெய்சன், ஐஸ்ப்ரூக்கர் ரெண்டு பேரும் பெரு நாட்டு மீன் ஒண்ணுக்குக் கண்ணுல கருப்புப் பட்டை இருக்கிறதைப் பாத்து 'பாண்டா'ன்னு பேரு வச்சாங்க. கடையில வர்ற புதுப்புது மீனுக்குப் பேரு வைக்க ஆராய்ச்சிக்காரங்களால ஈடுகொடுக்க முடியல. 1993-ல ஜெர்மன் மீன் பத்திரிகை 'டாட்ஸ்' ஒரு வழி கண்டுபிடிச்சுது. பேரு வர்ற வரைக்கும் 'சி' போட்டு ஒரு நம்பர். நம்ம ஊர்ல பேரு வைக்காத குழந்தையை 'பாப்பா'ன்னு கூப்பிடுவோம்ல, அந்தக் கதை.

1995-ல ஜப்பான்லேர்ந்து அந்தப் பழைய சண்டைக்குத் தீர்ப்பு வந்துச்சு. மசனோரி கோடாவும் கூட்டாளிகளும் வெங்கலக் கோரியை வச்சு ஆராய்ச்சி பண்ணினாங்க. பரிசோதனை என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. அந்த 'டி' நிலையில ரெண்டும் நிக்கிறப்ப, பெண்ணோட வாய்க்கிட்ட நீலச் சாயம் கொஞ்சம் விட்டாங்க. அதே மெத்திலீன் ப்ளூதான், நாம முட்டையில பூஞ்சை வராம இருக்க ரெண்டு சொட்டு விடுவோமே. சில நொடியில அந்த நீலம் பெண்ணோட பின்பக்கம், முட்டைக் கூடைக்கிட்ட வெளிய வந்துச்சு! ஆக, முழுங்குதுதான். விந்தைக் குடிக்குது, அது குடல் வழியா ஓடி, செரிக்கிறதுக்குள்ள வெளிய வந்து, துடுப்புக் கூடையில காத்திருக்கிற முட்டையில சேருது. காத்தை முழுங்கிச் சட்டுனு பின்னாடி விடுற குடல்னு சொன்னேனே, அந்தப் பழக்கம்தான் இதுக்கும் கைகொடுத்திருக்கணும்னு நினைக்கத் தோணுது. லாபம் என்னன்னு பாருங்க. தண்ணியில விட்டா விந்து கரைஞ்சு வீணாப்போகும், பக்கத்துல நிக்கிற இன்னொருத்தனும் தன்னோடதைக் கலந்துடுவான். இப்படிக் குடிச்சுட்டா எந்தக் குழப்பமும் இல்ல, இந்தக் கூடை முட்டைக்கு இவன்தான் அப்பன்.

கார்போனியே பாத்தது 1878. விடை வந்தது 1995. நூத்திப் பதினேழு வருஷம். நடுவுல எத்தனை லட்சம் பேரு நாற்காலியைப் போட்டு உக்காந்து இதைப் பாத்திருப்பாங்க! ஒரு சொட்டு சாயம் யாருக்கும் தோணலையே.

இதே கோடா பின்னாடி, 2019-ல, கண்ணாடியில தன்னைத்தானே அடையாளம் கண்டுபிடிக்கிற மீன்னு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டுப் பெரிய சர்ச்சையைக் கிளப்பினாரு. அது பெரிய மீனுங்க உடம்புல இருக்கிற ஒட்டுண்ணியைப் பொறுக்கித் தின்னுற ஒரு குட்டிக் கடல் மீன். அதையும் 'க்ளீனர்'னுதான் கூப்பிடறோம். மனுஷனுக்கு இந்தத் துப்புரவு மீனுங்க மேல என்ன பிரியமோ!

எங்க வீட்டுல நடந்ததையும் சொல்லிடறேன். முதல் ரெண்டும் போனப்புறம் கல்லையெல்லாம் அள்ளிக் கொட்டிட்டு, ஆத்து மணலை நல்லாக் கழுவிப் போட்டு, ஆறு வெங்கலக் கோரி வாங்கினேன். ஒண்ணு ரெண்டா வச்சா பயந்து மூலையில கிடக்கும், கூட்டமா இருந்தாத்தான் அதுக்கு உயிர். ஒண்ணை ஒண்ணு மீசையால இடிச்சு இடிச்சு 'வா போலாம்'னு சொல்லிக்கிட்டுத்தான் நகரும். இதை வச்சும் 2019-ல கேம்பிரிட்ஜ் ஆளுங்க ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அம்மாவுக்கு மீனுன்னாலே குழம்புதான். ஆனா ரெண்டாம் நாளே, "டேய், உன் மீனு என்னைப் பாத்துக் கண்ணடிக்குதுடா"ன்னாங்க. அது உண்மை. கோரி கண்ணைக் குழிக்குள்ள டக்குனு உருட்டித் திருப்பும், கண்ணடிக்கிற மாதிரியே இருக்கும். அன்னிலேர்ந்து ராத்திரித் தீனி அம்மா பொறுப்பு.

2008 நவம்பர்ல ஒரு வாரம் விடாத மழை. கரண்ட் வேற இல்ல. தொட்டித் தண்ணியில பாதியை எடுத்துட்டு, வாளியில ஜில்லுனு இருந்த தண்ணியை ஊத்தினேன். கோரிக்கு ஊர் ஞாபகம் வந்திருக்கும். தென் அமெரிக்காவுல மழைக்காலம் ஆரம்பிச்சா ஆத்துல குளிர்ந்த புதுத் தண்ணி வரும், அப்பதான் முட்டை போடும். உலகம் பூரா வளர்ப்பவங்க பண்ற தந்திரமும் இதுதான். நான் தந்திரம்னு தெரியாமலே பண்ணிட்டேன். மறுநாள் காலையில அம்மா எழுப்பினாங்க. மெழுகுவத்தி வெளிச்சத்துல தொட்டி முன்னாடி உக்காந்திருக்காங்க. "ஏன்டா, இவ என்ன அவன் வயித்துல வாயை வச்சு எதையோ குடிக்கிறா?"

குடிக்கிறா! பாருங்க, எங்கம்மா அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டாங்க. 1995 ஆராய்ச்சியைப் பத்தி அப்ப எனக்கே தெரியாது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, சண்டை போடுது"ன்னுட்டுத் திரும்பப் படுத்துட்டேன். எழுந்து வந்து பாத்தா கண்ணாடி முழுக்க முட்டை. பெரிய மீனுங்களே திங்க ஆரம்பிச்சிருந்துச்சு. பழைய ஏடிஎம் கார்டால வழிச்சு எடுத்ததுல நாப்பது தேறுச்சு. ஒரு டப்பாவுல போட்டு மெத்திலீன் ப்ளூ விட்டேன். நாலாம் நாள் பொரிஞ்சுது. ரெண்டு நாள் வயித்துல இருக்கிற மஞ்சள் கருவே போதும், அப்புறம் ஆர்ட்டீமியா. தீனி கொஞ்சம் கூடிப்போயி ஒரு ராத்திரியில தண்ணி கெட்டுச்சு. மிஞ்சினது பதினொண்ணு. அந்தப் பதினொண்ணோட வாரிசுங்கதான் இன்னிக்கும் தொட்டியில இருக்கு. கோரி பத்து வருஷத்துக்கு மேலயும் வாழக்கூடிய மீன்.

இன்னும் ரெண்டு விஷயம் பாக்கி. 2011-ல மார்கோஸ் அலெக்சாண்ட்ரூவும் குழுவும் 'நேச்சர்' இதழ்ல ஒண்ணு எழுதினாங்க. ஒரே ஓடையில ஒரே மாதிரி நிறம், ஒரே மாதிரி புள்ளியோட திரியுற கோரிகள் ஒரே இனம் கிடையாது, பல சமயம் வேற வேற பரம்பரைங்க. எல்லாத்துக்கும் விஷமுள் இருக்கு. ஒரே சீருடை போட்டுக்கிட்டா, ஒண்ணைக் கடிச்சு அவஸ்தைப்பட்ட பெரிய மீனு மத்ததையும் தொடாது. ஆனா மூக்கு நீளம் வேற வேற. தீனியும் வேற, அதனால அடிதடி இல்லாம ஒண்ணாத் திரியலாம். இறக்குமதியான பெட்டியில 'இது மட்டும் என்ன மூக்கு நீளமா இருக்கு'ன்னு வளர்ப்பவங்க ரொம்ப நாளாவே தனியா எடுத்து வச்சுக்கிட்டிருந்தாங்க. இங்கயும் வீட்டுத்தொட்டிக்காரன் கண்ணுக்கு முதல்ல பட்டுடுச்சு, காரணம் தெரியறதுக்குத்தான் மரபணு வேண்டியிருந்துச்சு.

அந்த மரபணு 2024-ல பெரிய குண்டா வந்து விழுந்துச்சு. கோரிடோராஸ்ங்கற ஒரே பேருக்குள்ள 170-க்கு மேல இனங்களை அடைச்சு வச்சிருந்தாங்களே, அதைப் பிரேசில்காரங்க முக்கியமா இருந்த ஒரு குழு பிரிச்சு மேஞ்சிடுச்சு. அஞ்சு பேரினம். புதுப் பேரு தேடி அலையல, பத்தொன்பதாம் நூற்றாண்டுல யாரோ வச்சு மூட்டை கட்டிப் போட்ட பேரையெல்லாம் தூசி தட்டி எடுத்துக்கிட்டாங்க. டார்வினோட மிளகு கோரி இப்ப ஹோப்ளிசோமா. பாண்டாவும் ஸ்டெர்பையும் அதே. ஹஸ்டேட்டஸ் குட்டிப் பய காஸ்ட்ரோடெர்மஸ். என் வெங்கலக் கோரி ஆஸ்டியோகேஸ்டர் ஏனியா. 1803-ல லாசெபேத் வச்ச கோரிடோராஸ்ங்கற பேரு நீள மூக்குக்காரங்க கூட்டத்துக்கு மட்டும்தான். கடையில நாம 'கோரி'ன்னு கேட்டு வாங்குறதுல முக்காவாசி இப்ப கோரிடோராஸே இல்ல.

போன மாசம் தொட்டியில ஒட்டியிருந்த பழைய சீட்டைக் கிழிச்சுட்டு, ஸ்கெட்ச் பேனாவுல புதுப் பேரை எழுதி ஒட்டினேன். அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டுக் கூட்டிக் கூட்டிப் படிச்சாங்க. "ஆஸ்... டியோ... என்னடா இது, ஆஸ்பத்திரி பேரு மாதிரி"ன்னாங்க. ராத்திரி ஆச்சு, விளக்கை அணைச்சுட்டு வழக்கம்போல பெல்லட் டப்பாவை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாங்க.